ஐஸ்காரருக்குச் சொன்னவை

நுன்சியோ, சிரிக்காமல் கேளுங்கள்:
இன்றிலிருந்து குளிர் உங்களுக்கு ஆகாது.

பதினோரு வருடமாக இதே வார்டில்
இதே வரியைச் சொல்லி வருகிறேன்,
பஸ் ஓட்டுநருக்கு, பாதிரியாருக்கு,
பாதி வாழ்க்கையைக் கடலில் கழித்தவருக்கு.
கத்தானியாவின் ஜூலை வெயிலில்
ஐஸ் சுரண்டிப் பிழைக்கும் ஒருவரிடம் சொல்ல
நாக்கு கொஞ்சம் தயங்கியது.
காலை ஆறரைக்கு உங்கள் கடையில்
பாதாம் கிரனீட்டாவில் பன்னைத் தோய்த்துத் தின்றுவிட்டுத்தான்
நான் வேலைக்கே வருகிறேன்.

ஆக்சாலிபிளாட்டின்.
பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம்.
நிறமில்லை, பார்த்தால் தண்ணீர்.
தோளுக்குக் கீழே பதித்த போர்ட் வழியாக
இரண்டு மணி நேரம், சொட்டுச் சொட்டாக.
ஊசி நிற்கும் இடம் எரிந்தால், வீங்கினால்
அந்த நொடியே கூப்பிடுங்கள்.
பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்
அதைப் பொறுமை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்,
என்னிடம் மறைத்தீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

ஃப்ரிட்ஜைக் கையுறை இல்லாமல் திறக்காதீர்கள்.
குடிக்கும் தண்ணீர்கூட வெதுவெதுப்பாக.
குளிர்ந்ததை விழுங்கினால்
தொண்டை பூட்டிக்கொண்டதுபோல் இருக்கும்,
மூச்சு நின்றுவிட்டதென்றே தோன்றும்.
நின்றிருக்காது. சூடாக ஒரு மிடறு, கொஞ்சம் நேரம்.
முகம் வீங்கினால், தோல் தடித்தால்,
நிஜமாகவே மூச்சுத் திணறினால்
அது வேறு கதை, ஆம்புலன்ஸ்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி:
"அப்போ கடையில் யார் ருசி பார்ப்பது?"
அதற்கு என்னிடம் அச்சடித்த தாள் இல்லை.

மெலினா வெப்பமானியைக்
கைப்பையிலேயே கொண்டு வந்திருந்தார்.
முப்பத்தெட்டு. தொட்டால் ஃபோன்.
நடுச்சாமம் என்றாலும் ஃபோன்.
மாத்திரை போட்டுத் தூங்கு,
விடியட்டும் பார்க்கலாம் என்கிற வீடுகளை
எனக்குத் தெரியும்.

மூன்றாம் சுற்றில் ஏமாற்றினீர்கள்.
எலுமிச்சைத் தொட்டியில் கிடந்த எஃகுக் கரண்டியை
வெறும் கையால், "ஒரு நொடிதானே" என்று.
எப்படி இருந்தது என்றேன்.
எடை போடுகிறவரைப்போல யோசித்துச் சொன்னீர்கள்:
"சப்பாத்திக்கள்ளிப் பழத்தை உரிக்காமல்
உள்ளங்கைக்குள் நசுக்கினால். அதில் கரண்டும் ஓடினால்."
அதன்பிறகு எல்லோரிடமும்
நான் அதையே சொல்லிவருகிறேன்.

ஐந்தாம் சுற்றின் ஒன்பதாம் நாள்,
இரவுப் பணி, இரண்டே கால்.
முப்பத்தெட்டு புள்ளி மூன்று என்பதற்கு முன்னால்
மூன்று முறை மன்னிப்புக் கேட்டார் மெலினா,
தூக்கத்தைக் கெடுத்தேனோ என்று.
வெள்ளணுக்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தன.
ஐந்து நாள் ஆன்டிபயாடிக்.
விடியட்டும் என்று இருந்திருந்தால்,
அந்த வாக்கியத்தை நான் முடிப்பதில்லை.

இன்னொன்று, எல்லோரும் ஒளிப்பது: விரல்.
குளிர் விலகிய பிறகும் விலகாத மரமரப்பு.
சாவியைத் தேடும்போது,
பேனா நழுவும்போது சொல்லிவிட வேண்டும்.
மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து
மூடி வைக்கக் கூடாது.
அளவைக் குறைக்கலாம், நாளைத் தள்ளலாம்.
போன நரம்பு சில பேருக்கு மெல்லத் திரும்பும்,
சில பேருக்கு
பாதி வழியிலேயே நின்றுவிடும்.

எட்டாம் சுற்றுக்குப் பொத்தானில்லாத சட்டையில் வந்தீர்கள்.
புது ஃபேஷனா என்று கேட்டேன்.
நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள்.
மெலினாதான் சொன்னார்,
ஆறு வாரமாகப் பொத்தான் போடுவது அவர்தான் என்று.
கோபம் வந்தது எனக்கு, உங்கள் மேல்தான்,
டாக்டரைக் கூட்டி வந்தேன், அளவு குறைந்தது.

கோபம் தணிந்த பிறகு
என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நுன்சியோ.
கடையில் ருசி பார்க்க ஆள் இல்லை.
பாதாமில் உங்கள் மருமகன்
சர்க்கரையை ஏற்றிவிட்டார்.
மூன்று மாதமாகத் தினமும் ஆறரைக்குத் தின்கிறேன்,
நீங்கள் கேட்கும்போதெல்லாம்
அப்படியேதான் இருக்கிறது என்றேன்.